நீர்நிலை எண் 417

காகிதப்பட்டறைக்கு மேலே, மலைச்சரிவில்
ஒரு குளம் இருப்பதாகச் சொன்னது இயந்திரம்.
தொண்ணூற்று மூன்று விழுக்காடு உறுதியாக.

எங்கள் அறையின் குளிர்சாதனம் அதற்கானது.
ஜுபைரும் நானும் அதன் ஓரமாக
சால்வை போர்த்தி உட்கார்ந்திருப்போம்.
வெளியே நூற்றெட்டு டிகிரி.
வானத்திலிருந்து வந்திறங்கும் வேலூரைச்
சின்னச் சதுரங்களாக நறுக்கி
இது ஓடு, இது சாலை, இது சீமைக்கருவேலம் என்று
அதற்குச் சொல்லிக்கொடுத்தோம்.
நாற்பதாயிரம் சதுரங்கள்.
சதுரத்துக்கு எண்பது காசு.

கற்றுக்கொண்டது.
பாலாற்றைக் காலிமனை என்றது.
திருத்தினோம். மறுபடியும் காலிமனை.
மூன்றாம் முறை ஜுபைர் சொன்னான்:
விடு, மணல் லாரிக்காரன் சொல்வதைத்தானே
அதுவும் சொல்கிறது.

கைப்பேசிகளின் தடங்களையும் தின்னக் கொடுத்தோம்.
ஆஸ்பத்திரி வாசலில் விடிகாலை நாலு மணிக்குப்
புள்ளிகள் ஈசலாய்த் திரள்வதைக் கண்டு
'இரவுக் கேளிக்கைக்கு உகந்த பகுதி' என்று
பரிந்துரைத்தது.
டோக்கனுக்கு நிற்கிறவர்கள்.
இரண்டு இரவு ரயிலில் கழித்து வந்து
எக்ஸ்ரே உறையை மடியில் வைத்துக்கொண்டு
லாட்ஜ் படிக்கட்டில் சாய்ந்திருக்கிறவர்கள்.
அறையே சிரித்தது.
ஜுபைர் சிரிக்கவில்லை.

குளத்துக்கு வருகிறேன்.

பழைய புலப்படத்தில் அங்கே பாறை.
புதிய அடுக்கில் நீலம்.
நீலத்தின் மேல் முப்பத்தொரு வீடுகள்.
நீரின் மேல் வீடென்றால் ஆக்கிரமிப்பு,
ஆக்கிரமிப்பென்றால் பட்டியல்,
பட்டியல் தானாகவே அச்சாகி
தானாகவே வரிசை எண் போட்டுக்கொண்டு
நோட்டீஸாகக் கிளம்பிவிடும்.
'இதில் மனிதக் கை படுவதேயில்லை'
என்று விளக்கவுரையில் பெருமையாக ஒரு வரி.
எழுதியவள் நான்.

களச் சரிபார்ப்புக்கும் என்னையே அனுப்பினார்கள்.
ஆட்டோ பாதியில் நின்றுவிட்டது.
மீதிக்குப் படிகள்.
யாரோ பாறையில் உளி வைத்துக் கொத்தியவை,
எந்த அடுக்கிலும் இல்லாதவை.
எனக்கு முன்னால் ஒருத்தி
இடுப்பில் ஒன்றும் தலையில் ஒன்றுமாகக்
குடத்தோடு ஏறிக்கொண்டிருந்தாள்.
அந்தச் சரிவில் நான் பார்த்த தண்ணீர்
அவ்வளவுதான்.

இருந்தது தார்ப்பாய்.
இரண்டு புயலுக்கு முன் நிவாரணமாக
வீட்டுக்கொன்று, எல்லாம் ஒரே நீலத்தில்.
கொடுத்தது எங்கள் மாநகராட்சி.
காற்றடித்தபோது நெளிந்தது.
மேலிருந்து பார்த்திருந்தால்
நானும் குளமென்றுதான் சொல்லியிருப்பேன்.

தேசம்மா பீடித் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு
நோட்டீஸை எடுத்துவந்தாள்.
'நீர்நிலையினுள் அமைந்த கட்டுமானம்.'
இன்னொரு தரம் படிக்கச் சொன்னாள்.
படித்தேன்.
வீட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.
"எம்மாம் ஆழம்னு போட்டுக்கீதா?"

ஒரு பையன் சுவரேறி நின்று
மூக்கைப் பிடித்துக்கொண்டான்:
"தள்ளுக்கா, குதிக்கப் போறேன்!"

கையிலிருந்த திரையில் மூன்று கட்டங்கள்தான்.
நீர்நிலை. நீர்நிலை அல்ல. மேகம்.
இரண்டாவதை அழுத்தினேன்.
காரணம் எழுத இருபது எழுத்துக்கு இடம்.
கூரை. கீழே ஆட்கள்.

நோட்டீஸ்கள் திரும்பின.
இயந்திரம் இந்தப் பாடத்தையும் விடவில்லை.
ஐப்பசியில் ஓட்டேரி ததும்ப நிறைந்தபோது
அந்தப் படத்தைப் பார்த்துச் சொன்னது:
கூரை. எண்பத்தொன்பது விழுக்காடு.
அதோடு ஓர் அவசரக் குறிப்பு:
இந்த மக்களுக்குக் குடிநீர் இணைப்பு இல்லை.
உடனே வழங்குக.

ஜுபைர் டீக்குப் போயிருந்தான்.
ஏரியின் மேலிருந்து அந்தக் குறிப்பைப் பிடித்து
மெல்ல இழுத்து
மலைச்சரிவில், 417இன் மேல் விட்டேன்.

தானாகவே அச்சாகி
தானாகவே வரிசை எண் போட்டுக்கொண்டு
கிளம்பியது.